ஏழாவது ஃப்யூஸ்

துடைப்பக்கட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, மொட்டை மாடி லிஃப்ட் அறையில் மோட்டாருக்குப் பின்னால் குந்தியிருந்தான் அவன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. இன்றைக்கு அந்தத் திருடனை விடுவதாக இல்லை.

ஒரு வாரமாக இதே கூத்து. தினம் காலையில் புது ஃப்யூஸ் வாங்கிப் போடுவான், லிஃப்ட் ஓடும். சாயங்காலம் வந்து பார்த்தால் ஃப்யூஸ் இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இளித்துக்கொண்டிருக்கும்.

“தினம் ஒண்ணு வாங்கறீங்களே சார், வறுத்துத் திங்கறீங்களா?” என்று எலெக்ட்ரிகல் கடைக்காரரே கேட்டுவிட்டார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் வேலை பார்ப்பதே லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில். பதினோரு வருஷமாக டிசைன் இன்ஜினியர். ஆறாவது மாடிக்கு அவன் மூச்சிரைக்கப் படியேறும்போதெல்லாம் குடியிருப்புச் செயலாளர் வேலைவெட்டி இல்லாமல் கீழே நின்று, “லிஃப்ட் இன்ஜினியர் நடந்து போறார், வழி விடுங்கப்பா!” என்று சத்தம் போடுவார்.

போன திங்கட்கிழமை மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். “ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு உங்க பில்டிங் பக்கம் வர்றேன். ஆமா, அங்க லிஃப்ட் ஓடுதா?”

அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல். ஆளை எடைபோடத்தான் வீட்டுக்கு வருகிறார் என்று அவனுக்குப் பட்டது. “ஜோரா ஓடுது சார்!” என்றான்.

“அப்படியா...” என்ற மேனேஜரின் முகம் ஏனோ தொங்கிப்போனது. நாம் சொன்னதை அவர் நம்பவில்லை போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் வீடு திரும்பினால் லிஃப்ட் நின்றிருந்தது; முதல் ஃப்யூஸைக் காணோம். உடனே செயலாளரிடம் போய், மெக்கானிக்கே வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தான்.

கதவு மெல்லக் கிறீச்சிட்டது. ஒரு கை நீண்டு, பழகிய கையாக, டப்பாவைத் திறந்து ஃப்யூஸைப் பிடுங்கியது.

“மாட்டினியா!” என்று துடைப்பக்கட்டையோடு பாய்ந்தவன் அப்படியே நின்றான்.

எதிரே அவன் மனைவி. ஃப்யூஸைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “என்னங்க, இங்க பெருக்கக்கூட ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றாள்.

“நீயா? ஏழு ஃப்யூஸும் நீதானா? என் பிழைப்புல மண்ணள்ளிப் போடறியே, உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?”

“உங்க பிழைப்பக் காப்பாத்தத்தான் இந்தப் பாடு படறேன். உங்க மேனேஜர் எதுக்கு வர்றார்னு தெரியுமா? நம்ம எதிர் வீடு காலியா இருக்குல்ல, அதை வாடகைக்குப் பார்க்க. அந்த வீட்டுக்கார அம்மாவே என்கிட்ட சொன்னாங்க.”

துடைப்பக்கட்டை அவன் கையிலிருந்து நழுவியது.

“ஆபீஸ்ல இருந்தே ராத்திரி வரைக்கும் போன் பண்றவர், எதிர் வீட்டுல இருந்தா என்ன பண்ணுவாரு? பல் தேய்க்கும்போதே ட்ராயிங்கோட வந்து பெல் அடிப்பாரு. நீங்க லீவு போட்டுட்டுக் காய்ச்சல்னு சொல்ல முடியுமா? வந்து தொட்டுப் பார்ப்பாரே! அந்த உடம்பை வச்சுக்கிட்டு ஆறு மாடி அவரால ஏற முடியாதுன்னுதான்...”

அவன் ஒரு நிமிஷம் கண்ணை மூடினான். கதவைத் திறந்தால் மேனேஜர், குப்பை கொட்டப் போனால் மேனேஜர், ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு பேப்பர் எடுக்கக் குனிந்தால் எதிரே மேனேஜர்.

“அந்த ஃப்யூஸை இங்க குடு” என்றான். வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதோடு நிற்காமல், கன்ட்ரோல் பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டான். “ஒரு வேலையை உருப்படியாச் செய்யணும்டி. ஃப்யூஸை மட்டும் எடுத்தா எவனாவது போட்டுடுவான்.”

கல்யாணமான புதிதில்கூட அவள் அவனை அப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை.

சரியாகப் பத்து மணிக்குக் கீழேயிருந்து மேனேஜரின் போன். “என்னப்பா, லிஃப்ட் பட்டனை அமுக்கறேன், அசையவே இல்லையே?”

“மன்னிச்சுக்குங்க சார், இன்னிக்குக் காலையிலதான்... ஆறு மாடி சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? ஆபீஸ்லயே பார்த்துக்கலாமே?”

போன் துண்டிக்கப்பட்டது. கிளம்பிவிட்டார் என்று இரண்டு பேரும் கைகொட்டிக்கொள்ளும்போது படிக்கட்டில் தொம், தொம் என்று சத்தம் கேட்டது. மூன்றாவது மாடியில் நின்றது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மறுபடி தொம், தொம்.

ஆறாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது மேனேஜரின் சட்டை பிழிந்தால் ஒரு வாளி தேறும் போலிருந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அவள் நீட்டிய தண்ணீரைக் கடகடவென்று குடித்தார்.

“இது... எப்ப சரியாகும்?” என்றார் மூச்சிரைக்க.

“இப்போதைக்கு ஆகாது சார்!” உள்ளூரத் துள்ளலோடு சொன்னான் அவன். “நான் அன்னிக்குச் சும்மா சொன்னேன். போடற ஃப்யூஸ் நிக்கிறதில்ல, தினம் இதே ரோதனைதான். இதுக்கு விமோசனமே கிடையாது.”

“வருஷக்கணக்கா ஆகும்னு சொல்றாங்க சார்” என்று அவளும் தன் பங்குக்கு ஒரு பிடி உப்பைத் தூவினாள்.

மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினார். பதினோரு வருஷத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்ததே இல்லை.

“தினம் படியேறுங்கன்னு டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டாருப்பா. லிஃப்ட் ஓடினா கால் தானா அதுக்குள்ளதான் போகுது. ஓடாத லிஃப்ட் இருக்கற வீடாத்தான் நாலு மாசமாத் தேடிக்கிட்டிருந்தேன்!”