எந்த நிறமானாலும் சரி

கடலுக்கடியில் நண்டுகளுக்குக் குடியிருக்கச் சங்கு பார்த்துக் கொடுக்கும் ஆக்டோபஸ் ஒன்று, எட்டுக் கையாலும் கணினி தட்டும். நம்பாதவர்கள் மூழ்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய சங்கு பற்றாமல் போன நண்டு ஒன்று, வெற்று முதுகோடு அங்கே ஓடி வந்தது. பின்னாலேயே ஒரு விலாங்கு சப்புக்கொட்டிக்கொண்டு வந்தது. நண்டு அவசர அவசரமாகத் திரையில் இருந்த படிவத்தில் அளவுக்கு நேரே ‘பெரியது’ என்று எழுதி, நிறக் கட்டத்தைக் காலியாக விட்டது.

“ஒண்ணும் இல்லை தம்பி” என்றது ஆக்டோபஸ்.

“கடை நிறையச் சங்கு கிடக்குதே அண்ணாச்சி.”

“நிறம் எழுதாம விட்டுட்டியே. நிறமே இல்லாத சங்கைத்தான் கணினி தேடிக்கிட்டிருக்கு, பாவம்.”

“எந்த நிறமானாலும் சரின்னுதான் விட்டேன். விலாங்கு வாயைத் திறந்துட்டான் அண்ணாச்சி.”

ஆக்டோபஸுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டம் காலியாக இருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம் என்று நிரலில் ஒரு வரி சேர்த்தது. உடனே திரை முழுக்கப் பெரிய சங்குகளாக வந்து குவிந்தன. முதலில் தெரிந்த மஞ்சள் சங்கை எடுத்து நீட்ட, நண்டு உள்ளே பாய்ந்தது. விலாங்கு முனகிக்கொண்டே திரும்பிப் போனது.

உள்ளே புரண்டு, காலை நீட்டிப் பார்த்துவிட்டு, நண்டு சுகமாக எட்டிப் பார்த்தது.

“அருமையான வீடு அண்ணாச்சி. இதே அளவுல நீலத்துல இருக்கா?”

ஆக்டோபஸ் எட்டுக் கையையும் தலையில் வைத்துக்கொண்டது.