துல்லியமான பதிவு

கடலடி வெந்நீர் ஊற்றுகளை ஆராயும் நிலையத்தை விரிவாக்கி, அறுநூறு ஒலிவாங்கிகளைப் புதிதாகப் பதித்தார்கள். இறால் காலை மாற்றி வைத்தால்கூடக் கேட்குமாம். இயக்குநர் பெருமகனார் மேடையேறிப் பீற்றிக்கொண்டு, பொன்னாடையும் வாங்கிக்கொண்டார்.

அதை நம்பித்தான் தூத்தூர் மெர்லின் அவரைத் தேடி வந்தாள். அவள் கணவன் போன விசைப்படகு அந்த ஊற்றுகளுக்கு மேலேதான் காணாமல் போயிருந்தது.

"பதினாறு நாளாச்சு சார். எஞ்சின் எந்தப் பக்கம் போச்சுன்னு அதுல கேட்டுச் சொல்லுங்க."

உட்காரச் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

"படகுச் சத்தம், மனுஷச் சத்தம் எல்லாம் ஆராய்ச்சிக்கு இடைஞ்சல்மா. பதிவாகும்போதே மெஷின் அழிச்சிடும். எவ்வளவு சுத்தமா இருக்குன்னு நீயே கேளு."

படகு தொலைந்த நாளின் பதிவை ஓடவிட்டு, அவள் காதில் ஹெட்ஃபோனைப் பெருமையாக மாட்டிவிட்டார்.

இறால்கள் மேய்ந்துகொண்டிருந்தன.