எட்டாவது விமர்சனம்

புதுக் கேசட்டுக்கு வந்த எட்டு விமர்சனங்களில் ஏழு, பாடகன் குமெலாரைப் புகழ்ந்தன. எட்டாவது, நினிங்கின் பேஸ் கிட்டாரை மட்டும் புகழ்ந்தது. அதை எழுத வைத்தது யார் என்று கண்டுபிடிக்க வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில், குழுவின் ஒத்திகை அறையில், மதிய மழையையும் மீறிக் கத்திக்கொண்டிருந்தான் குமெலார். "பாடறவனுக்கு மூணாவது பாட்டுல மூச்சு வாங்குதாம். நாலாவதுல வார்த்தையே விளங்கலையாம். பேஸ் மட்டும் பிரமாதமாம்! இதை எழுதின ரஸ்மானாங்கிற ஆளு உனக்கு என்ன வேணும் நினிங்? மாமனா, மச்சானா?"

"அந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்லை, காங்."

குழுவில் மூத்தவன் என்பதால் குமெலார் எல்லோருக்கும் 'காங்', அதாவது அண்ணன். பேட்டிகளில் தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

"அப்ப கேசட்டோட ரெண்டாம் பக்கத்தைப் பத்தி ஏன் ஒரு வரிகூட இல்லை? என்னோட ஒன்பது நிமிஷப் பாட்டு அங்கதானே இருக்கு? அதைக் கேட்டு அழுதுட்டேன்னு ஏழு பேர் எழுதியிருக்காங்க!"

டிரம்ஸ் வாசிக்கும் ஜாஜாங், பத்தகோர் என்ற பொரித்த மீன் பண்டத்தைக் கடலைச் சட்னியில் தோய்த்தபடியே கடைசி வரியைப் படித்தான். "'இன்னொரு கேசட் அனுப்பினால் மீதியையும் எழுதுகிறேன்'னு போட்டிருக்காரே."

"ஓசி கேசட் ஒண்ணு பத்தலையாம் அய்யாவுக்கு! இவனெல்லாம் ஒரு விமர்சகன்!"

மறுநாள் சாயங்காலம் வெளியீட்டு விழா. முந்நூறு கேசட்டுகள் அட்டைப்பெட்டிகளில் தயாராக இருந்தன. இணையத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. 'போன்ல கேட்டா சத்தம், கேசட்ல கேட்டாத்தான் இசை' என்பது குமெலாரின் தத்துவம்.

"நாளைக்கு மேடையில நீ வேண்டாம்," என்றான் நினிங்கிடம். "இனிமே எப்பவுமே வேண்டாம். வேற ஆள் பார்த்துக்கறேன்."

ஆறு வருடம் கூடவே வாசித்தவள். கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "போறேன். அதுக்கு முன்னாடி அந்தப் பாட்டை ஒரு தடவை போடுங்க. ஒரு வரி எழுதக்கூட லாயக்கில்லாததான்னு நானும் கேக்கறேன்."

"போடறேன். கேட்டுட்டு வெக்கப்பட்டுக்கிட்டே போ."

போடுவதற்குத்தான் கருவி இல்லை. கேசட்டின் மகிமையை ஊரெல்லாம் பாடிய அந்தக் குழுவில் ஒருவரிடமும் டேப் ரிக்கார்டர் கிடையாது. கடைசியில் வாசலில் நின்ற ஆங்கோட் என்ற ஷேர் வேனில் மூவரும் ஏறினார்கள். ஜாஜாங்கின் சித்தப்பா ஓயோவின் வண்டி. பயணிகளின் காதைக் குடைவதற்கென்றே அதில் ஒரு பழைய டேப் இன்னும் உயிரோடு இருந்தது.

முதல் பக்கம் ஓடியது. மூன்றாவது பாட்டில் குமெலாருக்கு மூச்சு வாங்கியது. மூவரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்கள்.

ஓயோ கேசட்டைத் திருப்பிப் போட்டார். குமெலார் கண்ணை மூடிக்கொண்டு, "இப்பக் கேளு" என்றான்.

ஸ்ஸ்ஸ் என்றது டேப். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று.

"ஆரம்பம் கொஞ்சம் மெதுவா வருமோ?" என்று மரியாதையாகக் கேட்டார் ஓயோ. குமெலார் கண்ணைத் திறந்தான்.

ஜாஜாங் ஓடிப்போய் அட்டைப்பெட்டியிலிருந்து இன்னொரு கேசட் கொண்டுவந்தான். ஸ்ஸ்ஸ். வேறு பெட்டியிலிருந்து மற்றொன்று. ஸ்ஸ்ஸ்.

"என் டேப் மேல பழி போடாதீங்க, தம்பி. முதல் பக்கம் நல்லாத்தானே பாடிச்சு?"

குமெலார் அந்த எட்டாவது விமர்சனத்தை ஜாஜாங்கின் கையிலிருந்து வாங்கி, கடைசி வரியை மறுபடி படித்தான். பிறகு அதை நாலாக மடித்து, கசங்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "அவருக்குக் கேசட் அனுப்பின விலாசம் யார்கிட்ட இருக்கு?"

நினிங் டேப்பின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

"ஏழு பேரை அழ வெச்ச பாட்டு இதுதானா, காங்?"