மூலைப் பாறையில் யார் கை?

"அந்தப் படகுக்காரன்தான்! வேற எவன்?" என்று அடித்துச் சொன்னான் மாப்பிள்ளை.

கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதனால் கரையில் வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் அவன் மாப்பிள்ளை.

கப்பலில் இருந்து கொட்டிய எண்ணெயை வழித்து, சுரண்டி, துடைத்து, கரை முழுக்கச் சுத்தம் பண்ணியாயிற்று. மூலையில் இருக்கும் அந்த ஒரு பாறைதான் படுத்துகிறது. சாயங்காலம் துடைத்துவிட்டுப் போனால், காலையில் மறுபடியும் கறுப்பு!

சோதனை ரொம்பச் சுலபம். அதிகாரி வருவார். வெள்ளைத் துணியால் பாறையைத் தேய்ப்பார். துணி வெள்ளையாகவே இருந்தால் எல்லோரும் லீவுக்கு வீட்டுக்குப் போகலாம். கறை பட்டால் லீவும் இங்கேயேதான். ஏற்கெனவே கறை பட்டு முகத்தைச் சுளித்துவிட்டுப் போயிருக்கிறார். நாளைக் காலையில் கடைசித் தடவை. அப்புறம் அவரே லீவில் போய்விடுவார்.

"பாறைக்கு வேர்க்குதோ என்னமோ," என்றான் பம்ப் ஓட்டுகிறவன்.

"உனக்கு விளையாட்டா இருக்கு. நாளைக்கு வந்துடுறேன்னு வீட்ல சொல்லிட்டேன். இந்தத் தடவையும் போகலைன்னா அவ என் போனையே எடுக்க மாட்டா."

"அதுக்காக? கரை சுத்தமானாத்தானேய்யா படகுக்காரன் வலை போட முடியும்? அவன் எதுக்குக் கொட்டப் போறான்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"நாம எல்லைக்குக் கட்டின கயித்தைத் தாண்டி வர்றப்பல்லாம் விரட்டுறோம்ல? அந்தக் கடுப்புதான்!"

விரட்டியது வாஸ்தவம். "தம்பி, ஒண்ணு சொல்லணும்" என்று படகுக்காரர் பக்கத்தில் வருவார். "வேலை நடக்கிற இடம்ணே, தள்ளிப் போங்க!" என்று கை நீட்டித் துரத்துவது நம்ம மாப்பிள்ளைதான்.

பேச்சு முடிந்ததும் அவன் மேட்டில் அவர்கள் தங்கியிருக்கும் ஷெட்டுக்குப் பின்னால் போய்க் குழாயடியில் உட்கார்ந்தான். வழித்த எண்ணெயை டிரம்மில் நிரப்புவது அவன் வேலை. தினமும் பூட்ஸ் முழங்கால் வரைக்கும் கறுப்பாகிவிடும். கழுவுவதற்கென்று ஷெட்டுக்கு முன்னால் தனித் தொட்டி உண்டு. அங்கே எப்பவும் வரிசை. அவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

மனைவி கொடுத்தனுப்பிய சோப்பை எடுத்துக் கையைத் தேய்த்தான், கழுத்தைத் தேய்த்தான், கடைசியில் பூட்ஸையும் தேய்த்தான்.

"பூட்ஸுக்கும் எலுமிச்சை சோப்பா? குடுத்து வச்ச பூட்ஸ்யா!" என்றான் பம்ப்காரன்.

"நீ சொல்லுவே. போன தடவை வாசல்லயே மூக்கைப் பொத்திட்டா. 'வந்தது நீங்களா, கப்பலா?'ன்னு கேக்கிறா. தேவையா எனக்கு?"

மறுநாள் பொழுது விடிகிற நேரம். மாப்பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து பாறைப் பக்கம் போனான். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

பிடித்தும் விட்டான்!

மூலைப் பாறைக்கு அடியில் படகுக்காரர் குந்தியிருந்தார். பக்கத்தில் வாளி. அதற்குள் கறுப்பாக எண்ணெய்.

"மாட்டினியா!" என்று பாய்ந்து சட்டையைப் பிடிக்கப் போனான். உடம்பில் சட்டை இருந்தால்தானே? அது கறுப்பு உருண்டையாக அவர் கையில் இருந்தது.

"கத்தாதே தம்பி. நான் ஊத்த வரலை. துடைக்க வந்தேன்."

சொல்லிக்கொண்டே சட்டையால் பாறையை ஒத்தி எடுத்து, வாளிக்குள் பிழிந்தார்.

மாப்பிள்ளை நீட்டிய கையை இறக்கினான்.

"நீங்க எதுக்குண்ணே இதெல்லாம்...?"

"நீங்க இடத்தைக் காலி பண்ணினாத்தானே நான் வலை போட முடியும்?" என்று சிரித்தார். "அதுவும் போக, நேத்து நீ போன்ல வீட்டம்மாகிட்ட கெஞ்சினது என் படகு வரைக்கும் கேட்டுச்சு. மனசு கேக்கலை."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்போ இந்த எண்ணெய் எங்கிருந்துதாண்ணே வருது?"

"அதைச் சொல்லத்தானே அத்தனை தடவை வந்தேன்? நீ எங்கே வாயைத் திறக்க விட்டே? இங்கே பாரு."

பாறை இடுக்கில் ஒரு கசிவு. மேட்டில் இருந்து மணலுக்குள்ளேயே இறங்கி வந்திருந்தது. கறுப்பு. அதன் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை நுரை.

"கப்பல் எண்ணெய் எங்கேயாவது நுரைக்குமா?" என்று கேட்டார் படகுக்காரர். வாளியை அவன் பக்கம் நகர்த்தினார். "மோந்து பாரு."

குனிந்தான். எண்ணெய் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. முகத்தைத் திருப்பப் போனவன், அப்படியே நின்றான். மறுபடியும் மோந்து பார்த்தான்.

எலுமிச்சை!

அண்ணாந்து பார்த்தான். நேர் மேலே, மேட்டு விளிம்பில், ஷெட்டின் பின்பக்கக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே..." என்றவன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

"முழிச்சுக்கிட்டு நிக்காதே. மேஸ்திரியை எழுப்பு. அதிகாரி வர்றதுக்குள்ள மேட்டு மண்ணை எல்லாருமா வாரிடுவோம். துணி வெள்ளையாத்தான் வரும், நீயும் வீட்டுக்குப் போயிடலாம்."

நனைந்த சட்டையை இன்னொரு தடவை முறுக்கிப் பிழிந்தபடி படகுக்காரர் சொன்னார்:

"ஆனா ஒண்ணு தம்பி. வீட்டம்மா மூக்கைப் பொத்தினாலும் பரவாயில்லை, இன்னைக்கு ஒரு நாளாவது அந்த பூட்ஸைக் கழுவாம போ!"