பின் பிரேக்

கணவன் தீபனின் ஸ்க்ரெம்ப்ளர் மோட்டார் சைக்கிளுக்குப் பின் பிரேக் பேட் வாங்கப் புந்தோங் கடைக்குப் போனேன். கடைக்கார உஸ்மான் அண்ணே தேய்ந்த பழைய பேடைத் திருப்பிப் பார்த்தார்.

"எப்பவும் ரெண்டு பேரு ஏறுறீங்க போல. இரும்பு கலந்ததை எடுத்துக்க லா, தங்கச்சி."

என்னை அவன் ஒரு தடவைகூட ஏற்றியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எவளை ஏத்திக்கிட்டுச் சுத்துற?"

"டிகிரி படிச்சவதானே, பாரு. சீட்டே ஒண்ணுதான் லா."

புது பேடை மாட்டினான். ஞாயிறு காலை, பழைய ரப்பர்த் தோட்டத்துப் பாதையில் ஓட்டக் கிளம்பினான். நான் வாசலில் நின்றேன். அவன் ஏறியதும் வண்டி தாழ்ந்தது. கிளம்பாமல், கால் ஊன்றிக் காத்திருந்தான். யாரும் ஏறாமலே வண்டியின் பின்பக்கம் இன்னொரு முறை தாழ்ந்தது.

"கெட்டியா பிடிச்சுக்க," என்றான்.

என்னிடம் அவன் அவ்வளவு மென்மையாகப் பேசியதே இல்லை.