ஆள் இருக்கிற வண்டி

சாமுவேல் ஸ்டியரிங்கில் கை வைத்தார். சுவரை அண்ணாந்து பார்த்தார். சிரித்தார்.

"போலாமா?" என்றார்.

அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தேவகிருபைக்குக் கை நின்றது.

இன்றைக்கும் அதே இடம். கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு முழம் மேலே, வெறும் சுண்ணாம்புச் சுவர். ஒரு காலண்டர்கூடக் கிடையாது. அதைப் பார்த்துத்தான் சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் போலாமா.

மனைவியை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. சர்ச்சுக்குக் கிளம்பினால்கூட செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விடுவார். அவள் பூட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, பின்னால் ஓட வேண்டும்.

ஸ்டியரிங், மகன் ஜெஸ்டன் வாங்கியது. ரேஸ் விளையாட என்று மெட்ராஸிலிருந்து கொண்டுவந்து மேஜை விளிம்பில் முடுக்கி வைத்தான். தரையில் பிரேக், ஆக்சிலேட்டர்; அவை நழுவாமல் இருக்க ஒரு செங்கல். மகன் வேலைக்குத் திரும்பினான், அப்பா அதில் உட்கார்ந்தார். குவைத்தில் ஒரே வீட்டுக்கு இருபத்தைந்து வருஷம் கார் ஓட்டிவிட்டு, போன கிறிஸ்துமஸுக்கு ஒரேயடியாக ஆம்பூர் வந்து சேர்ந்தவர். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பெயர்தான் ரேஸ். மற்ற கார்கள் சீறிக்கொண்டு பறக்கும். இவர் கார் மட்டும் ஊர்வலம் போகும்.

"இன்னாப்பா, கெழவன் மாதிரி ஓட்டுற? எப்பவும் கடைசிதான் வர்ற," என்று போன வாரம் வந்த ஜெஸ்டன் கிண்டல் செய்தான்.

"வண்டில ஆளு இருக்குதுடா. வேகமாப் போனா தூக்கிப் போடும்."

அந்த ஆள் யார் என்றுதான் தேவகிருபைக்குத் தெரிய வேண்டும்.

அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் பக்கத்து மிஷின் எல்லம்மா வேறு, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "டிரைவருங்க கண்ணு ரோட்ல இருக்கும்னா நெனைக்கிற? பின்சீட்டக் காட்டுற கண்ணாடிலதான்க்கா இருக்கும்."

சாமுவேல் சுவரில் பார்க்கிற இடமும் காரில் அந்தக் கண்ணாடி இருக்கிற இடம்தான். பார்த்தேயிராத குவைத் வீட்டு மேடத்துக்கு அவளே ஒரு முகம் வரைந்தாள். மை போட்டாள். அத்தர் பூசினாள்.

கத்தியைப் போட்டுவிட்டு வந்து திரையை மறைத்து நின்றாள்.

"யாருங்க அவ?"

"யாரு?"

"தினம் கூட்டினு போறீங்களே. கண்ணாடியப் பாத்துப் பல்லக் காட்டுறீங்களே, அவதான். மேடமா?"

அவள் முதுகுக்குப் பின்னால் கார் எதிலோ மோதியது. சாமுவேல் கையில் ஸ்டியரிங் தடதடவென்று உதறியது.

அப்புறம் சிரித்தார்.

"கண்ணாடியா? வேலைக்குச் சேந்த அன்னிக்கே அந்த வூட்டுப் பெரியவரு அதை மேல தூக்கி உட்டுட்டாரு. பொம்பளைங்க ஏர்ற வண்டியாம். எனக்குக் கடைசி வரைக்கும் கூரைதான் தெரிஞ்சுது. ஒரே பேஜாரு."

எழுந்துபோய், ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பர்ஸை எடுத்தார். பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார்.

"டிரைவர் நெத்திக்கு நேரா மடக்கி உடுற வெயில் தட்டி இருக்கும்ல, அதுல ஒட்டி வெச்சிருந்தேன். வண்டி எடுக்கறப்பல்லாம் ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் எடுப்பேன். நீதான்டி. வேற யாரு?"

பரிசு கொடுத்தவர்போல நின்றார்.

தேவகிருபை வாங்கிப் பார்த்தாள்.

அவர் குவைத் கிளம்பும் முன் வேலூர் ஸ்டுடியோவில் எடுத்த படம். தங்கை ஃபீபியிடம் இரவல் வாங்கிய நீலப் புடவை. தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்ட சடை. வெயிலில் ஓரமெல்லாம் வெளுத்து, மூலையில் டேப் மஞ்சளாகிக் கிடந்தது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை படம் அனுப்பியிருப்பாள். கைக்குழந்தையோடு ஒன்று. வீட்டுக்குக் கூரை போட்டபோது ஒன்று. கண்ணுக்குக் கண்ணாடி வந்த பிறகு ஒன்று. எதுவும் அந்த இடத்துக்கு ஏறவில்லை.

இந்த நீலப் புடவைக்காரிக்கு ஒரு முடி நரைக்கவில்லை. கம்பெனிப் பசையில் விரல் வெடிக்கவில்லை. ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஓடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தனியாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவில்லை. ஏசி காரில், முன்னால், அவர் நெற்றிக்கு நேரே உட்கார்ந்து குவைத் முழுக்கச் சுற்றியிருக்கிறாள்.

சடையைப் பிடித்து இழுக்கலாம் என்றால், அதுவும் தன் சடையாகவே இருக்கிறது.

போட்டோவை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். நாற்காலி ஒன்றை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

சாமுவேலுக்குச் சந்தோஷம். செங்கல்லைக் காலால் சரிசெய்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். பழக்கம், கண் தானாக மேலே போனது. வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"போலாமா?"

போலாம் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

கேட்டது அவளை இல்லை.