பின் சீட்டு மூடி

"இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு. சாவியை அழுத்தித் திருப்புங்க!" வாசலில் தன் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற மனைவி கத்தினாள். கத்தின வேகத்தில் அவளுடைய கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"இதுக்கு மேல அழுத்தினா சாவி உடைஞ்சு என் கையில நிக்கும்" என்றான் கணவன். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவன் வாயில் சூயிங்கம் ஓய்ந்ததில்லை. இந்த அவசரத்திலும் மென்றுகொண்டுதான் இருந்தான்.

அவனுடைய பைக்கில், பின் சீட்டின் மேல் ஆமை ஓடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. அழகுக்காக வாங்கி மாட்டியது; அதைக் கழற்றாமல் பின்னால் ஆள் உட்கார முடியாது. வால் பக்கத்துப் பூட்டில் சாவியைத் திருப்பினால் போதும், சின்னக் குழந்தைகூடக் கழற்றிவிடும். இன்றைக்குப் பார்த்துப் பாறை மாதிரி உட்கார்ந்துவிட்டது. மாமனாரின் ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே பஸ். அதுவும் பத்தரைக்கு.

விடிவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்ட மாமனார், தீக்குச்சியால் நிதானமாகக் காது குடைந்துகொண்டிருந்தார்.

"மாப்ளே, பத்து நாள் இருப்பேன்னு சொன்னேன். பத்து நாள் ஆச்சு. சொன்ன சொல் மாறினா நான் மனுஷனே இல்ல."

"உங்களை யார் மாமா தடுக்கப் போறாங்க? ஊர்ல ஆயிரம் வேலை இருக்கும்."

"பின்னே, இல்லாமலா?"

ஊரில் அவருக்கு இருந்த ஒரே வேலை காலண்டரில் தாள் கிழிப்பது. அதில் பத்து நாள் பாக்கி.

"நேத்து கேரம்ல தோத்தீங்களே, அதுக்கு எப்போ பழி வாங்கப் போறீங்க?" என்றான் கணவன்.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்ற மாமனாரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கணவன் மூடியைப் பிடித்து இழுத்தான். மாமனார் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பைக் தெருவில் இரண்டடி நகர்ந்தது. மூடி நகரவில்லை.

"மழையில துருப்பிடிச்சிருக்கும்" என்றான் கணவன்.

"மழை பெஞ்சு மூணு மாசம் ஆச்சு" என்ற மனைவி, "வேணும்னா ஒரு ஆட்டோ..." என்று இழுத்தாள்.

"ஆட்டோல அனுப்பிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரவா?" என்றான் கணவன்.

"ஆட்டோல போனா என் முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்றார் மாமனார்.

"சரி, நான் ஒண்ணும் சொல்லல" என்று அவள் சட்டென்று அடங்கிவிட்டாள்.

டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்த தெருமுனை மெக்கானிக், யாரும் கூப்பிடாமலே வந்து, பத்தரை மணி பஸ் கதையைக் கேட்டுக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டார்ச் அடித்துப் பூட்டுக்குள் பார்த்தார்.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு. உள்ளே என்னமோ அடைச்சிருக்கு" என்று பையிலிருந்த நோஸ் பிளையர் குறடை உள்ளே விட்டு இழுத்தார்.

சூயிங்கம் வந்தது. கணவனின் தாடை அப்படியே நின்றது.

"இதுக்குப் பின்னால இன்னொண்ணு இருக்கு."

தீக்குச்சித் துண்டு. மாமனார் தீப்பெட்டியை மெல்லச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"அட, இன்னும் இருக்குங்க!"

வளைந்துபோன ஒரு ஹேர்பின். மனைவியின் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மெக்கானிக் சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. மூடி பூ மாதிரி கையோடு வந்தது.

"ஏறி உட்காருங்க பெரியவரே! இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. பஸ்ஸைத் தாராளமாப் பிடிச்சிடலாம்."

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "முதல்ல அந்த மூடியைத் திருப்பி மாட்டுப்பா!"